மடங்குகளும் விடை பலவான வினாக்களும்

(தொடக்கக் கல்வி ஆசிரியப் பயிற்றுநர்களின் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் குழந்தைகளில் எத்தனை பேரால் மூன்று இலக்க எண் ஒன்றை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிகிறது என்பதை ‘அசர்’ எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கை தொடர்ந்து கணக்கிட்டு வருகிறது. 2022-இல் நூற்றுக்கு 25.6 பேருக்கு அது முடிந்தது. 2024-இல் நூற்றுக்கு 30.7 பேருக்கு முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததை எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்றம் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஏழு பேர் வகுத்தல் கைவராமலேயே ஆறாம் வகுப்பின் வாயிலில் நிற்கிறார்கள் என்பதும் அதே புள்ளிவிவரம் தரும் செய்திதான்.

ஆறாம் வகுப்பில் அவர்களுக்காகக் காத்திருப்பவை பின்னங்கள். பகுதிகள் வேறுபட்ட இரு பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொது மடங்கு தெரிந்திருக்க வேண்டும். பின்னத்தில் தடுமாறிய குழந்தை விகிதத்தில் தடுமாறும். விகிதத்தில் தடுமாறியது சதவீதத்திலும் வட்டியிலும் தடுமாறும். கணக்கில் தோற்று மேல் வகுப்புகளில் படிப்பையே கைவிடும் பிள்ளைகளின் கதையைப் பின்னோக்கிப் படித்துச் சென்றால், பல வேளைகளில் அது நான்காம், ஐந்தாம் வகுப்பில் மடங்கு, வகுத்தி என்ற இரு சொற்களிடையே ஏற்பட்ட குழப்பத்தில் போய் முடிகிறது.

இந்தி பேசும் மாநிலங்களில் இக்குழப்பத்திற்குச் சொற்களும் துணை செய்கின்றன. மடங்கிற்கு ‘குணஜ்’ என்று பெயர். காரணிக்கு ‘குணன்கண்ட்’ என்று பெயர். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்து ஒரே ஓசையில் தொடங்குகின்றன. மீச்சிறு பொது மடங்கு என்பதோ ‘லகுத்தம் சமாபவர்த்ய’ என்று வருகிறது. பத்து வயதுக் குழந்தை அப்பெயரைப் பிழையின்றிச் சொல்லி முடிப்பதே ஒரு சாதனை. அதன் பொருளை அறிந்து கொள்வது வேறொரு சாதனை.

வாய்பாடு தெரிந்தால் மடங்கு தெரிந்ததாகாதா என்று கேட்கலாம். வாய்பாட்டைக் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. வட இந்தியப் பள்ளிகளில் ஒரு காலத்தில் முழு எண்களுக்கு மட்டுமின்றிக் கால், அரை, ஒன்றேகால், ஒன்றரை ஆகியவற்றுக்கும் வாய்பாடுகள் மனப்பாடம் செய்யப்பட்டன. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதப்பட்டதைப் போன்றதே அதுவும். கடைக் கணக்கும் நில அளவும் அவற்றைக் கொண்டே நடந்தன. ஆனால், ஏழாம் வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் குழந்தையிடம் ‘84 ஏழின் மடங்கா?’ என்று கேட்டால், பத்து ஏழு எழுபதில் வாய்பாடு முடிந்துவிட்டபடியால் ‘இல்லை’ என்று விடை வருவதுண்டு. அக்குழந்தைக்கு மடங்கு என்பது ஒரு பட்டியல். முடிவின்றி நீளும் ஒரு தொடர் அன்று.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியரின் கணக்குத் திறனை ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர். சந்தையில் விலையையும் எடையையும் மனத்திற்குள்ளேயே பெருக்கிச் சில்லறையைச் சரியாகத் தந்த அதே குழந்தைகள், அக்கணக்கே பள்ளிக் கணக்கின் வடிவில் தாளில் வந்தபோது தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகளோ கடைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, அறிவு இரு பக்கமும் இருக்கிறது. இடையே பாலம் இல்லை. அப்பாலத்தைக் கட்டும் கருவிகளுள் ஒன்றாக, விடை பலவான வினாவைக் கருதலாம்.

திறந்த வினா எது?

ஒரே விடையை நோக்கி ஒரே வழியில் செலுத்தும் வினாவை மூடிய வினா என்றும், பல சரியான விடைகளுக்கோ பல வழிகளுக்கோ இடம் தரும் வினாவைத் திறந்த வினா என்றும் கணிதக் கல்வியாளர் குறிப்பிடுவர். சப்பானில் ஷிகெரு ஷிமாடா முதலியோர் இம்முறையை வகுப்பறைகளில் சோதித்து 1977-இல் ஒரு நூலாக்கினர். அது 1997-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் உலகெங்கும் பேசப்பட்டது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிடுவது நல்லது. ‘ஏழின் மடங்குகள் ஐந்தினை எழுதுக’ என்பதற்கும் விடைகள் பல உண்டு. ஆயினும் அது திறந்த வினா ஆகாது. வாய்பாட்டின் ஒரு துண்டை ஒப்பிக்கச் சொல்வதுதான் அது. எந்த விடையையும் ஏற்றுக்கொள்ளும் வினாவும் திறந்த வினா ஆகாது. நிபந்தனை கறாராக இருத்தல் வேண்டும்; அந்நிபந்தனைக்குள் தேடுவதற்கு இடமும் இருத்தல் வேண்டும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2008-இல் வெளியிட்ட ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூலில் மடங்குகளுக்கும் காரணிகளுக்கும் தனி இயல் ஒன்று இருந்தது. அந்நூலின் இடத்தில் 2025-இல் புதிய நூல் வந்துவிட்டதெனினும், பழைய இயலின் கணக்குகள் இன்றும் ஆராயத்தக்கவை. அவற்றுள் ஒன்று: ஒரு சிறுமி புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகப் பிரிக்கிறாள், ஒன்று மிஞ்சுகிறது. ஆறாறாகவும் நான்கு நான்காகவும் பிரித்துப் பார்க்கிறாள். அப்போதும் ஒன்றே மிஞ்சுகிறது. அவளிடம் இருந்த கொட்டைகள் மிகக் குறைந்தது எத்தனை?

விடை 61. கணக்கு நல்ல கணக்கு. ஆனால் ‘மிகக் குறைந்தது’ என்னும் சொற்கள் அதன் கதவைச் சாத்திவிடுகின்றன. அவற்றை நீக்கிவிட்டு ‘எத்தனை இருக்கக்கூடும்?’ என்று மட்டும் கேட்டால் வகுப்பில் நிகழ்வது வேறு. 61 என்றும் 121 என்றும் 181 என்றும் விடைகள் வரும். அவை யாவும் சரி. அவற்றை வரிசையாகக் கரும்பலகையில் எழுதும்போது, இடைவெளி ஒவ்வொரு முறையும் 60 என்பதைக் குழந்தைகளே காண்பார்கள். 4, 5, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60 என்று ஆசிரியர் சொல்லித் தர வேண்டியதில்லை. பெயரை மட்டும் தந்தால் போதும்.

தவறான விடைகளும் இங்குப் பயன் தருகின்றன. 13 என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். நான்கு நான்காகப் பிரித்தாலும் ஆறாறாகப் பிரித்தாலும் 13-இல் ஒன்று மிஞ்சும். ஐந்தைந்தாகப் பிரித்தால்தான் மூன்று மிஞ்சும். மூன்று நிபந்தனைகளில் இரண்டை நிறைவு செய்த விடை அது. அங்கிருந்து 25, 37, 49, 61 என்று பன்னிரண்டு பன்னிரண்டாக ஏறினால் சரியான விடை கிடைத்துவிடும். இன்னொரு பிள்ளை, ஐந்தால் வகுத்து ஒன்று மிஞ்சினால் கடைசி இலக்கம் 1 அல்லது 6 ஆகத்தான் இருக்கும் என்பதையும், நான்கால் வகுத்து ஒன்று மிஞ்சுவதால் எண் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்து, 11, 21, 31 என்று தேடிச் செல்லலாம். இரண்டும் சரியான வழிகள். மூடிய வினாவில் 13 என்பது ஒரு சிவப்பு மைக் குறியோடு முடிந்திருக்கும்.

எலியும் பூனையும்

அதே இயலின் தொடக்கத்தில் ஒரு பூனையும் குஞ்சன் என்னும் எலியும் வருகின்றன. எலி 14-ஆம் படியில் இருக்கிறது. இரண்டிரண்டு படியாகத் தாவும். பூனை 3-ஆம் படியில் இருக்கிறது. மூன்று மூன்று படியாகத் தாவும். 28-ஆம் படியில் உள்ள வளைக்குள் நுழைந்துவிட்டால் எலி தப்பிவிடும். தப்புமா?

எலி மிதிக்கும் படிகளையும் பூனை மிதிக்கும் படிகளையும் எழுதிப் பார்த்தால் 18, 24 ஆகிய இரண்டும் பொதுவாக வருகின்றன. பொதுப் படி இருப்பதால் எலி பிடிபட்டுவிடும் என்று சில குழந்தைகள் சொல்வார்கள். ஆனால் இரண்டும் ஒன்றாகவே தாவினால், எலி இரண்டாம் தாவலில் 18-ஐ அடையும்போது பூனை 9-இல்தான் இருக்கும். ஏழாம் தாவலில் எலி 28-ஐ அடையும்போது பூனை 24-இல் நிற்கும், எலி தப்பிவிடும். ‘இரண்டும் ஒரே வேகத்தில் தாவுகின்றனவா?’ என்று கேட்கும் பிள்ளை, பாடநூல் சொல்லாமல் விட்ட நிபந்தனையைக் கண்டுபிடித்துவிட்டது. அக்கேள்விக்கு ‘அதெல்லாம் வேண்டாம், பொது மடங்கை எழுது’ என்று பதில் கிடைத்தால் அப்பிள்ளை மறுமுறை கேட்காது.

இக்கணக்கை இன்னும் விரிக்க இடமுண்டு. ‘எலியைப் பிடிக்க வேண்டுமானால் பூனை எந்தப் படியிலிருந்து புறப்பட வேண்டும்?’ என்று கேட்கலாம். 12-இலிருந்து புறப்பட்டால் 18-இல் பிடிக்கும். 9-இலிருந்து புறப்பட்டால் 24-இல் பிடிக்கும். 8 முதல் 13 வரை எந்தப் படியும் பொருந்தும். 6-இலிருந்து புறப்பட்டால் கைக்கெட்டாது. 7-இலிருந்து புறப்பட்டால் பூனையும் எலியும் ஒரே சமயத்தில் 28-ஐ, அதாவது வளையின் வாயிலை, அடைகின்றன. எலி பிடிபட்டதா, தப்பியதா? வகுப்பு இரண்டுபடும். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குள் வாதிடுவதை ஒழுங்கின்மை என்று கருதும் தலைமையாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அச்சமயம் அப்பக்கம் வராதிருப்பது நலம்.

இக்கேள்வியில் வேறொரு நுட்பமும் உண்டு. 8-இலிருந்து மூன்று மூன்றாகத் தாவும் பூனை 11, 14, 17 என்று செல்கிறது. அவற்றுள் எதுவும் மூன்றின் மடங்கன்று. மூன்று மூன்றாகக் கூட்டிச் செல்வது வேறு, மூன்றின் மடங்குகளில் செல்வது வேறு என்னும் வேறுபாடு ஆசிரியர்களிடையேகூடத் தெளிவாக இருப்பதில்லை. விடை ஒன்றேயான வினாவில் அது வெளிப்பட வழியில்லை.

பெருக்கினால் போதுமா?

2024-இல் வெளிவந்த ஆறாம் வகுப்புக் கணித நூலான ‘கணித பிரகாஷ்’, பொது மடங்கை ஒரு விளையாட்டின் வழியே அறிமுகம் செய்கிறது. பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து ஒன்று, இரண்டு என எண்ணி வருவார்கள். மூன்றின் மடங்கு வரும்போது எண்ணுக்குப் பதிலாக ‘இட்லி’ என்றும், ஐந்தின் மடங்கிற்கு ‘வடை’ என்றும், இரண்டிற்கும் பொதுவான எண்ணுக்கு ‘இட்லி-வடை’ என்றும் சொல்ல வேண்டும். தவறினால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். பீகாரிலும் அரியானாவிலும் உள்ள குழந்தைகள் இட்லியையும் வடையையும் கொண்டு மீச்சிறு பொது மடங்கைக் கற்பது தேசிய ஒருமைப்பாட்டிற்குச் செய்யப்படும் சுவையான தொண்டு.

இவ்விளையாட்டையும் ஒரு கேள்வியால் திறக்கலாம்: ‘“இட்லி-வடை” என்பது முதன்முதலாக 20-இல் வர வேண்டுமானால் எந்த இரு எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?’ வெவ்வேறு எண்களாக எடுத்தால் ஏழு இணைகள் பொருந்துகின்றன: 4-உம் 5-உம், 4-உம் 10-உம், இவற்றோடு 20 உடன் சேரும் 1, 2, 4, 5, 10. இவற்றை எடுத்த எடுப்பில் எல்லோரும் கண்டுவிடுவதில்லை. 4-உம் 5-உம் என்று தொடங்கி, 2-உம் 10-உம் என்று பலர் தொடர்வார்கள். இரண்டையும் பெருக்கினால் 20 வருகிறதல்லவா? ஆடிப் பார்த்தால் 10-லேயே ‘இட்லி-வடை’ வந்துவிடும்.

4, 5 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கைக் காண்க என்ற வழக்கமான வினாவிற்கு, இரண்டையும் பெருக்குவதே முறை என்று தவறாக எண்ணிய பிள்ளையும் 20 என்றே விடை எழுதி முழு மதிப்பெண் பெறும். பிழையான புரிதல், சரியான விடையின் மறைவில் ஆறாம் வகுப்பைக் கடந்து ஏழாம் வகுப்பிற்குச் சென்றுவிடும். திறந்த வினா அதனை அன்றே வெளிக்கொணர்கிறது. நோயை உரிய காலத்தில் கண்டறிவதால் மிச்சமாகும் செலவைப் பொதுநலத் துறையினர் கணக்கிடுவதுண்டு. கல்வியில் அத்தகைய கணக்கை எவரும் போடுவதில்லை.

நாணயத்தைப் பற்றியும் இவ்விடத்தில் ஒன்று சொல்லலாம். 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் தசம நாணய முறை வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. 192-க்கு வகுத்திகள் 14; 100-க்கு 9 மட்டுமே. மூவருக்கு ஒரு ரூபாயைப் பங்கிட்டால் அன்று ஆளுக்கு 5 அணா 4 பை மீதியின்றிக் கிடைத்தது. இன்று மூன்று பேருக்கு நூறு காசைச் சரியாகப் பங்கிட இயலாது. தசம முறை நாட்டின் கணக்கை எளிதாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலேயே வகுத்திகளைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதனோடு மறைந்தது. அதைப் பள்ளிதான் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. ‘நூறுக்குள் மிகுதியான வகுத்திகள் கொண்ட எண் எது?’ என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். 60, 72, 84, 90, 96 என ஐந்து எண்கள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு வகுத்திகளோடு நிற்கின்றன. முதல் விடையோடு நிறுத்திக்கொள்ளாத வகுப்பே ஐந்தையும் காணும்.

நேரமும் ஆளும்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் முதற்காரணம் நேரமின்மை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் வகுத்திருக்கிறது. ஒரு புளியங்கொட்டைக் கணக்கிற்கு நாற்பது நிமிடம் செலவாகுமானால் பாடத்திட்டம் முடிவது எப்படி என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மீச்சிறு பொது மடங்கு ஐந்தாம் வகுப்பிலும் கற்பிக்கப்படுகிறது, ஆறாம் வகுப்பில் மீண்டும் கற்பிக்கப்படுகிறது, ஏழாம் வகுப்பில் பின்னங்களின்போது மூன்றாம் முறையாக நினைவூட்டப்படுகிறது. முதன்முறை சிக்கனமாகச் செலவிட்ட நேரத்திற்கு இரு முறை வட்டி கட்டப்படுகிறது. ஒவ்வொரு பாடத்திலும் இவ்வாறு செய்ய வேண்டும் என்று எவரும் கோரவில்லை. இரண்டு வாரத்திற்கு ஒரு திறந்த வினா போதுமானது.

இரண்டாவது காரணம் இதைவிடக் கடினமானது. நாட்டில் ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் 2024-25-ஆம் ஆண்டுப் பள்ளிக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை. ஒரே அறையில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் அமர்ந்திருக்கும் இடத்தில் இத்தகைய கற்பித்தல் சாத்தியமா? உண்மையில், அங்குத்தான் இது மிகுதியும் பயன்படும் என்று கூறலாம். மூடிய வினா ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகத் தேவைப்படுகிறது. புளியங்கொட்டை வினாவோ மூவகைப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே பொருந்தும்: மூன்றாம் வகுப்புக் குழந்தை கொட்டைகளைக் குவித்துப் பிரித்துப் பார்க்கும், நான்காம் வகுப்புக் குழந்தை மடங்குகளைப் பட்டியலிடும், ஐந்தாம் வகுப்புக் குழந்தை 60 என்னும் இடைவெளியைத் தேடும். ஆயினும் அந்த ஓர் ஆசிரியருக்கு இதற்கான பயிற்சி கிடைத்திருக்க வேண்டும். நாற்பது விடைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்த முயன்றால் அவர் களைத்துப் போவார். விடைகளைக் கரும்பலகையில் எழுதச் செய்து, பொருந்துவன எவை, பொருந்தாதன எவை, ஏன் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்வதும், தவறான விடையை உடனே அழித்துவிடாமல் சற்று நேரம் விட்டு வைப்பதும் பழகித்தான் வர வேண்டும். இதற்கு இரண்டு நாள் சொற்பொழிவுப் பயிற்சி உதவாது. அப்பயிற்சிகளில் ஆசிரியர்களுக்குத் தரப்படுவனவும் பெரும்பாலும் மூடிய வினாக்களே.

தேர்வுத் தாள்

பாடநூலும் பயிற்சியும் மாறித் தேர்வு மாறாவிட்டால் என்ன ஆகும்? கணிதக் கற்பித்தல் குறித்து, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த தேசியக் கவனக் குழு, 2006-இல் வெளிவந்த தன் அறிக்கையில், கணக்கின்மீதான அச்சத்தோடு கரடுமுரடான மதிப்பீட்டு முறைகளையும் முதன்மைக் குறைகளுள் ஒன்றாகச் சுட்டியது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இவ்வகையில் ஒரு முன்னோடி. அங்குக் கற்பிக்கும் முறையோடு தேர்வும் மாற்றப்பட்டது: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும் தேர்வு, உடன் செய்முறைத் தேர்வு. பின்னர் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த அத்திட்டம், மாநில அரசால் 2002-இல் முடிவுக்குக் கொண்டுவரப்படும்வரை முப்பது ஆண்டுகள் நடந்தது. மாணவன் எதற்குத் தயாராகிறானோ அதையே கற்கிறான் என்பதை அதன் அமைப்பாளர்கள் முதலிலேயே உணர்ந்திருந்தனர்.

இன்று இக்கேள்வி முன்னைவிட அவசரமானது. 2019-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதிகளைத் திருத்தியது. அதன்படி ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் ஆண்டு இறுதித் தேர்வில் தவறும் குழந்தைக்குக் கூடுதல் கற்பித்தலும் இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வும் உண்டு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம். இத்தேர்வுகள் மனப்பாடத்தையும் செயல்முறைத் திறனையும் சார்ந்திராமல் திறனடிப்படையில் அமைய வேண்டும் என்றும் அவ்விதிகளே கூறுகின்றன. விதியின் முதற்பகுதியை நிறைவேற்ற ஒரு பதிவேடு போதும். இரண்டாம் பகுதிக்கு வேறு வகை வினாத்தாள் வேண்டும். முதற்பகுதி மட்டும் நடைமுறைக்கு வந்தால், மீச்சிறு பொது மடங்கின் விதிமுறையை மறந்த காரணத்திற்காக ஒரு பத்து வயதுக் குழந்தை ஓராண்டை இழக்கும். வீட்டில் வறுமை உள்ள பெண் குழந்தையானால் அந்த ஓராண்டோடு படிப்பும் நின்றுபோகக்கூடும்.

வினாத்தாள் தயாரிப்போர் பெரும்பாலும் அஞ்சுவது, விடை பலவானால் திருத்துவோரிடையே வேறுபாடு வரும் என்பதற்கே. அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆனால் தீர்வும் அரிதன்று. ‘மீச்சிறு பொது மடங்கு 20 ஆக வரும் இரு இணைகளை எழுதி, அவற்றுள் ஒன்று எவ்வாறு பொருந்துகிறது என்று விளக்குக’ என்னும் நான்கு மதிப்பெண் வினாவிற்குத் திருத்துவோர் குறிப்பு இவ்வாறு அமையலாம்: ஏழு இணைகளின் பட்டியல், எண் திரும்ப வருவதைத் தடுக்காதபடியால் 20-உம் 20-உம் என்பதும் ஏற்கத்தக்கது, பொருந்தும் இணை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மடங்குகளை வரிசையாக எழுதிக் காட்டினாலும், சொற்களில் விளக்கினாலும், படியேறும் படம் வரைந்து காட்டினாலும் விளக்கத்திற்கு இரண்டு மதிப்பெண், 2-உம் 10-உம் என்று எழுதியிருந்தால் அந்த இணைக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் விடைத்தாளின் ஓரத்தில் ஒரு குறியிட்டு, அக்குறிகளின் எண்ணிக்கையைப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். வரும் கல்வியாண்டின் முதல் வாரத்தில் எந்தப் பள்ளியில், எத்தனை பிள்ளைகளுக்கு எதை மீண்டும் கற்பிப்பது என்பது அந்த எண்ணிக்கையிலிருந்தே தெரிந்துவிடும்.